கழுமரத்தில் ஊற்று

மார்ச் 4, புதன்

காலையே குமட்டலோடு தொடங்கியது. போன மாதம் மதிப்புரைக்கு வந்த, கம்ப்யூட்டரைக் குளிர்விக்கும் வாட்டர் பிளாக்கைக் கழற்றினேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் கூடவே அனுப்பியிருந்த ஊதா நிறத் திரவம் உள்ளே திரிந்துபோய், கெட்டித் தயிர் மாதிரி அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தேன். அதற்கப்புறம் எத்தனை முறை சோப்புப் போட்டும் மதியம் சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை. இதைத்தான் பளபளவென்று பெட்டியில் போட்டு, பெட்டி மேல் சிங்கப் படமும் போட்டு விற்கிறார்கள்.

குழாய்களைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். கோமளா ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் உள்ளே வந்தாள்.

"இந்தக் கருமத்தை பாத்ரூம்ல வெச்சுக் கழுவக் கூடாதா?"

"அங்க வெளிச்சம் பத்தாது."

"தேய்க்கறீங்களே, அந்த டூத் பிரஷ் யாரோடது?"

பழசு என்று சொன்னேன். எனக்குப் பழசாகத்தான் தெரிந்தது.

பிளாக்கின் நடுவில் டிரில்லரால் ஓட்டை போட்டு, திருகாணி செருகி, பலகையில் முடுக்கினேன். என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் ப்ளைவுட் பலகை அது. தோற்றுப்போன பிளாக் எதுவும் இந்த வீட்டை விட்டு வெளியே போகாது. யார் கைக்கும் மறுபடி போகக் கூடாது என்பதற்காகத்தான் நட்ட நடுவில் ஓட்டை. ஓட்டை போடும் சத்தம் மைக்கில் காதைக் கிழிக்கிறது என்பதால் அதை மட்டும் படம் பிடிப்பதில்லை. பலகைக்கு 'கழுமரம்' என்று பெயர் வைத்தவர்கள் என் நேயர்கள். 'கொதிநிலை' சேனலில் என்னைவிடக் கழுமரத்துக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

மாலையில் கோமளாவின் அக்கா போனில் பேசினாள். நான் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று இந்த வருடமும் கேட்டாள். கம்ப்யூட்டரின் பிராசசர் சூடாகும், அதன் தலையில் ஒரு செம்புக் கட்டியை உட்கார வைப்பார்கள், அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், எந்தக் கட்டி ஒழுங்காக இழுக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை என்றேன். "அப்ப கம்ப்யூட்டருக்கு ஈரத்துணி போடறீங்க" என்றாள். எரிச்சலாக வந்தது.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு பார்சல்கள் வந்தன. ஒன்று பெரிய கம்பெனியுடையது, வெள்ளைப் பெட்டி. உள்ளே பிளாக்கோடு ஒரு லேப்டாப், 'பரிசோதனைக்கு உதவியாக, திருப்ப வேண்டியதில்லை' என்று ஒரு சீட்டு. லேப்டாப்பை மட்டும் உடனே கூரியரில் திருப்பிவிட்டேன். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் நக்கிப் பிழைக்கிறார்கள் என்பதால் நானும் நாக்கை நீட்டுவேன் என்ற நினைப்பு.

இன்னொன்று கோயம்புத்தூர் கணபதியிலிருந்து. பழைய அட்டைப் பெட்டி. பெயர் 'ஊற்று'. மோட்டார் பம்ப்புக்கு உதிரிப் பாகம் செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறை, இப்போது வாட்டர் பிளாக்கில் இறங்கியிருக்கிறது. நடத்துகிறவர் பெயர் தமயந்தி. பெட்டியைத் திறப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

"சார், பெட்டி வந்துருச்சுங்களா? எதாச்சும் நசுங்கிருக்குதுங்களா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

"ஒண்ணு சொல்லிப்போடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரிச்சி தெருவுல ஒரு டீலர் எரநூறு பீஸ் எடுக்கறேன்னு சொல்லியிருக்காருங்க. ஆனா கொதிநிலைல தில்லைநாதன் சார் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எடுப்பாராமா. அதுக்காக நீங்க நல்லாருக்குன்னு சொல்லோணும்னு கேக்கலீங்க. உள்ளதைச் சொன்னாப் போதுங்க."

"உள்ளதை மட்டும்தான் நான் சொல்வேன்."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் உங்களுக்கு அனுப்புனதே. அப்பறம் சார், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. உள்ள வரி ரொம்ப நைஸுங்க."

எனக்கே பாடம். எட்டு வருடமாக இதே வேலையைச் செய்கிறவனிடம் என்ன தண்ணீர் ஊற்றுவது என்று சொல்லித் தருகிறார். சரி என்று வைத்துவிட்டேன்.

பிளாக்கை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. செம்பின் மேல் சீவியிருக்கும் வரிகளுக்கு நடுவே ஒரு தலைமுடி போகுமா என்பது சந்தேகம். இவ்வளவு நெருக்கமாக வெளிநாட்டுச் சரக்கிலும் பார்த்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

வெள்ளைப் பெட்டி பிளாக்கை ஓட்டிப் பார்த்தேன். சுமார். மோசம் என்று திட்டவும் வழியில்லை, புகழவும் ஒன்றுமில்லை. இந்த மாதிரிச் சரக்குதான் எனக்கு அதிக வெறுப்பைத் தருகிறது.

வீடியோவுக்கு வெளிச்சம் போதவில்லை. மேசையை ஜன்னலோரம் நகர்த்தினேன். காலை வெயில் நேராகக் குழாய்களின் மேல் விழுகிறது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடுவது அழகாகப் பதிவாகிறது.

மார்ச் 12, வியாழன்

ஊற்றை மாட்டினேன். பேட்டரி தண்ணீர் பாதியில் தீர்ந்துவிட்டது. நான் டிஸ்டில்டு வாட்டருக்கு வாங்குவது அதைத்தான். கீழே மெக்கானிக் கடையில் கேட்டால் சாயங்காலம் வா என்கிறான். பெட்ரோல் பங்க்கில் ஸ்டாக் இல்லையாம். வெயிலில் ஆலந்தூர் வரை போய்வர நான் என்ன பைத்தியமா. பற்றாக்குறை ஒரு டம்ளர்தான், குடிதண்ணீர் கேனிலிருந்து பிடித்து ஊற்றி மூடிவிட்டேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, அருவருப்பு, மறுபடி குளித்தேன். கேன் அடியில் ஏன் ஈரம் என்று சாயங்காலம் கோமளா கேட்டாள், சொன்னேன்.

ஊற்று நம்ப முடியாத அளவுக்கு நன்றாக ஓடுகிறது. வெள்ளைப் பெட்டியைவிட ஆறு டிகிரி குறைவு. முதல் நாள் எல்லாப் பிளாக்கும் சமர்த்துப் பிள்ளைதான். இரண்டு வாரம் ஓட்டாமல் நான் வாயைத் திறப்பதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

தண்ணீர் கேன் போடுகிறவரோடு சண்டை. கேனின் அடியில் பச்சையாகப் படிந்திருக்கிறது, கழுத்தில் தூசி. இதைத்தான் இத்தனை நாள் குடித்துக்கொண்டிருந்தோம். "வேற எந்த வீட்லயும் கம்ப்ளைன்ட் இல்ல சார்" என்கிறார். மற்ற வீடுகளில் யாருக்கும் கண் இல்லை போல. போன வாரம் போட்ட கேனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

ஊற்றில் சூடு ஏறுகிறது. தொடக்கத்தில் இருந்ததைவிட நான்கு டிகிரி அதிகம். நான் எதிர்பார்த்ததுதான். உள்ளூர்ச் சரக்கு என்றால் எல்லோருக்கும் உடனே நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. எனக்கு அந்த வியாதி இல்லை.

மார்ச் 25, புதன்

சூடு பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. கழற்றினேன்.

எழுதவே கூசுகிறது. அந்த நெருக்கமான வரிகள் முழுக்கப் பச்சைச் சளி. குளத்துப் படித்துறையில் காலை வைத்தால் வழுக்குமே, அதே பாசி. குண்டூசியால் நெம்பியதும் நூல் நூலாக வந்தது. வாடையும் அதேதான். குழாய்களின் உள்பக்கம்கூட லேசாகப் பச்சை. பிளாக்கிலிருந்து பரவியிருக்க வேண்டும்.

காரணம் எனக்குத் தெரியும். செம்பை அறுக்கும்போது மெஷினில் எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால் மாதிரி ஒன்றை ஊற்றுவார்கள். அதைச் சரியாகக் கழுவாமல் மூடி அனுப்பினால் அதில்தான் எல்லா அசிங்கமும் வளரும். வெள்ளைப் பெட்டி இதே மேசையில், இதே பம்ப்பில் ஓடியது. அதில் இப்படி எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் கேமராவில் நெருக்கமாகப் பதிவு செய்தேன். குண்டூசியில் பாசி தொங்கும் காட்சி வெகு தெளிவு.

மார்ச் 28, சனி

வீடியோ போட்டாச்சு. தலைப்பு: 'ஊற்றா, சாக்கடையா?' ஓட்டை போட்டுக் கழுமரத்தில் ஏற்றியாச்சு. செம்பு நல்ல கெட்டி, டிரில்லர் திணறியது.

சாயங்காலத்துக்குள் வேறெந்த வீடியோவுக்கும் வராத கூட்டம். கமென்ட்டுகளைப் படித்தால் குமட்டுகிறது. 'கோயம்புத்தூர் கொசு உற்பத்தி நிலையம்' என்று ஒருவன். அந்த அம்மாவின் பட்டறைப் படத்தைத் தேடியெடுத்து அதன் மேல் தவளையை ஒட்டி ஒருவன். மற்றவன் விழுந்தால் இவர்களுக்கு எப்படி இனிக்கிறது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் படித்து முடிக்க நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 1, புதன்

தமயந்தி நேரில் வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்குள் இருக்கும், ரயிலில் கசங்கிய காட்டன் புடவை, விரல் நகங்களுக்குள் கறுப்பு. கோமளா லீவில் இருந்தாள், அவள்தான் கதவைத் திறந்தாள். கூடத்தில் உட்கார வைத்தேன். அறைக்குள் கூப்பிடவில்லை.

"வீடியோ பார்த்தேனுங்க. சண்டைக்கு வரலீங்க. டீலர் வேண்டாம்னுட்டாருங்க, அது போகட்டும். அந்த பீஸைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயி எங்க தப்புப் பண்ணுனோம்னு பாத்துக்குவேனுங்க."

"பலகைக்குப் போனது திரும்பி வராதுங்க. அது இந்த சேனலோட வழக்கம்."

"அப்படீங்களா." புடவைத் தலைப்பால் கைகளைத் துடைத்துக்கொண்டார். "நாங்க ஒவ்வொண்ணையும் மண்ணெண்ணெய்ல ஒருக்கா, சோப்புத் தண்ணியில ரெண்டு தடவை கழுவித்தானுங்க மூடறோம். பட்டறைல ஒண்ணு மூணு மாசமா ஓடிட்டே இருக்குது, ஒண்ணும் வரலீங்க. அதுனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?"

"டிஸ்டில்டு."

"டிஸ்டில்டு மட்டும்தானுங்களா?"

"அதேதாங்க."

சமையலறையில் பாத்திரம் எதுவோ கீழே விழுந்தது. கோமளா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"நீங்க சொன்னா சரிதானுங்க" என்று தமயந்தி எழுந்துகொண்டார். காபியை முழுக்கக் குடிக்கவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஊற்றியதில் பெரும்பங்கு டிஸ்டில்டுதான். ஒரு டம்ளரையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியுமா.

ஏப்ரல் 3, வெள்ளி

புனித வெள்ளி, கோமளாவுக்கு விடுமுறை. நேற்றெல்லாம் பேசவில்லை. இன்று கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு கேன் தண்ணி தானே ஊத்துனீங்க?"

"ஒரு டம்ளர்."

"அந்தக் கேன்லதான் பாசின்னு கேன்காரரோட கத்துனீங்க."

"அது குடிக்கிற தண்ணி. இது வேற."

"நம்ம குடிச்சா பாசி, கம்ப்யூட்டர் குடிச்சா பாசி இல்லையா?"

ஆபீசில் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டுப் பழகியவள், வீட்டிலும் அதே குரல். உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். அவள் கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கோமளாவின் வாயை அடைக்க ஒரு வழி செய்திருக்கிறேன். இரண்டு காலி பாட்டில்களைக் கொதிநீரில் கழுவி, இரண்டிலும் ஒரே அளவு செம்புத் தூளைப் போட்டு, ஒன்றில் முழுக்கப் பேட்டரி தண்ணீர், இன்னொன்றில் ஒரு டம்ளர் கேன் தண்ணீரும் மீதிக்குப் பேட்டரி தண்ணீரும் ஊற்றி ஜன்னலில் வைத்தாயிற்று. இந்த வார கேனும் லட்சணமாகத்தான் இருக்கிறது, அடியில் அதே பச்சை. ஊற்று நல்ல பிளாக் என்றால் நானே முதலில் சொல்லியிருப்பேன். எனக்குத் தமயந்திமேல் என்ன பகை.

ஏப்ரல் 9, வியாழன்

சிங்கப் படக் கம்பெனி புது பிளாக் அனுப்பியிருக்கிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை. தலைவலி. பாட்டில்களையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

கோமளா இரண்டு பாட்டில்களையும் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு எதிரே வைத்திருக்கிறாள். ஒன்று தெளிவு. மற்றதில் அடியிலும் ஓரத்திலும் பச்சை. நான் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒரு பாட்டிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏப்ரல் 11, சனி

தமயந்தி போன் செய்தார். குரலில் வருத்தமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"சார், உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்புட்டேன். எல்லாரும் நல்லாருக்குதுன்னே சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க."

நான் ம் என்றேன்.

"எங்க பட்டறைல ஓடறது இன்னும் சுத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா டிஸ்டில்டு ஊத்தியே பாசி புடிச்சுதுன்னு நீங்க சொன்னதுக்கப்பறம் எங்க கண்ணை நாங்க எப்படிங்க நம்பறது? செம்புலயே எதாச்சும் கோளாறு இருக்கும். தெரிஞ்சே அதை இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாதுல்லங்க. செஞ்சு வெச்ச எரநூறையும் எடைக்குப் போட்டர்றோம். திங்கக்கெழமை பழைய செம்பு எடுக்கறவர் வர்றாரு. அப்பறம் பழையபடி பம்ப் வேலைதானுங்க, கெடச்சா."

"இருங்க, அவசரப்படாதீங்க" என்றேன்.

"ஏனுங்க?"

சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை: மேசையைத் துடைத்தேன். பம்ப்பைக் கழற்றிக் கழுவினேன். குழாய்களைக் கொதிநீரில் போட்டேன். சலூனுக்குப் போனேன், கூட்டம், திரும்பிவிட்டேன்.

மதியம்: கோமளா வைத்த மோர்க்குழம்பு.

மாலை: போனை எடுத்தேன். எட்டு வருடமாக ஒருவனிடமும் கை நீட்டவில்லை, லேப்டாப்பைத் திருப்பி அனுப்பினேன், அதையெல்லாம் ஒரு டம்ளரைக் காட்டி அழித்துவிடுவார்கள். கமென்ட்டில் என்ன எழுதுவார்கள் என்று தெரியும். அந்தத் தவளையை என் தலையில் ஒட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவாக இருக்கும். நாளை காலை முதல் வேலையாகப் பேசிவிடலாம்.

ஏப்ரல் 13, திங்கள்

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. பத்தரைக்கு எடுத்தார். பின்னால் லேத் ஓடும் சத்தம்.

"சொல்லுங்க சார்."

"எடைக்குப் போடாதீங்க. உங்க பிளாக்ல ஒரு கோளாறும் இல்லை. நான் கேன் தண்ணி ஊத்தினேன். ஒரு டம்ளர். வெயில்ல வேற வெச்சிருந்தேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

லேத் சத்தம் நின்றது. அவரே நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஏழு மணிக்கே வந்துட்டாருங்க" என்றார். "வண்டி கெளம்பி நேரமாச்சு. பெரிய சுத்தியல்ல தட்டித் தட்டித்தான் ஏத்துனாங்க, எடம் பத்தலீன்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பட்டறைல ஓடிட்டிருந்ததையும் சேர்த்துப் போட்டுட்டனுங்க. பாக்கப் பாக்க மனசு கேக்கல" என்றார் கடைசியில். "உங்க பலகைல ஒண்ணு இருக்குதல்லங்க. அதையாச்சும் அனுப்பறீங்களா? டீலர்கிட்ட காட்டறதுக்குக் கையில ஒண்ணு வேணுமே."

"அதுல ஓட்டை போட்டுட்டேங்க."

"ஓரத்துலீங்களா, நடுவுலீங்களா?"

"நடுவுல."

அங்கே இழுப்பறை எதையோ திறக்கும் சத்தம்.

"பெரிய ஓட்டைங்களா?"

"சுண்டு விரல் போகும்."

"சரிங்க" என்றார். "கொண்டு வாங்க. அடைக்க முடியுதான்னு பாக்கறேன்."

போனை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். இத்தனை வருடம் எத்தனை கம்பெனிச் சளியை வழித்திருக்கிறேன். அதிலெல்லாம் வராத அருவருப்பு இன்று என் மேல் வந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் பிறப்பு. நடந்ததையெல்லாம் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பேசி வீடியோ போட்டேன். பழைய வீடியோவை நீக்கிவிட்டேன். அதை ஏற்கெனவே எத்தனை பேர் இறக்கிவைத்துப் பரப்புகிறார்களோ, அது என் கையில் இல்லை. டீலருக்கும் போன் செய்தேன். யோசிக்கலாம் என்றார், யோசிக்கிறவர் குரலில் இல்லை.

ஊற்றைக் கழுமரத்திலிருந்து இறக்கினேன். அந்த இடத்தில், அன்று கேன் தண்ணீர் பிடித்த டம்ளரை ஓட்டை போட்டு மாட்டினேன். இந்த முறை ஓட்டை போடும் சத்தத்தையும் பதிவு செய்தேன். "அது என் கல்யாணச் சீர் டம்ளர்" என்றாள் கோமளா.

கூரியரில் அனுப்ப மனமில்லை. மதிய ரயிலில் கோயம்புத்தூர் போகிறேன். பிளாக்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். செருப்பைப் போடும்போது கோமளா ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"கேன் தண்ணி" என்றாள். "குடிக்கறதுக்கு மட்டும்."